உடைந்த கிரானைட் பட்டையும் மூன்று பசைகளும்

போன வாரம் ஊறுகாய்க்கு வாங்கிய இருபது கிலோ மாங்காயை மூட்டையோடு கொண்டுவந்து சமையல் மேடையில், சிங்க்குக்கு முன்னால் இருக்கும் பட்டை மேல் இறக்கிவிட்டார்கள். நான் ஓடிப்போய் அலமாரிக் கதவைத் திறந்து டார்ச் அடித்து அடிப்பக்கம் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. பிப்ரவரியில் போட்ட ஒட்டு, சித்திரை வெயிலையும் தாண்டி அப்படியே நிற்கிறது. அதற்கு முன் இரண்டு தடவை ஒட்டி, இரண்டு தடவையும் பிய்ந்து கையோடு வந்த பட்டை இது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வீடு கிருஷ்ணகிரி பழையபேட்டையில். கட்டிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மேடைக்குப் போட்டது 18 மி.மீ. கறுப்புக் கல். கடையில் கறுப்பு கிரானைட் என்றுதான் சொல்வார்கள். பாறைக் கணக்கில் பார்த்தால் அது பெரும்பாலும் டோலரைட் வகை, அசல் கிரானைட்டைவிடக் கனம். நம் பக்கம் இந்தக் கல்லுக்குப் பஞ்சமில்லை. பர்கூர் பக்கம் போனால் கல் அறுத்து பாலிஷ் போடும் பட்டறைகள் வரிசையாக இருக்கும். அதனாலேயே எல்லோரும் "வேற பலகை போட்டுக்கலாமே" என்றார்கள். விசாரித்தேன். முன்பக்கம் எட்டடி முழுக்க எடுத்துவிட்டுப் புதுப் பலகை, கூலியோடு 9,500 ரூபாய் என்றார்கள். சிங்க்கைக் கழற்றி, டைல்ஸ் ஒரு வரிசை உடைத்து, ஒரு வாரம் சமையலறை இல்லாமல் இருக்க வேண்டும். முதலில் ஒட்டிப் பார்க்கிறேன் என்றேன்.

உடைந்த விதம் முதலில். சிங்க்குக்காகக் கல்லில் வெட்டிய ஓட்டைக்கு முன்னால் மிச்சம் நிற்கும் பட்டை 56 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம்தான். அதற்கு அடியில் முட்டு எதுவும் இல்லை, வெறும் அந்தரம். அந்தப் பட்டையின் விளிம்பில்தான் பன்னிரண்டு வருஷமாகத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தோம். பொங்கலுக்கு முந்தின வாரம் வீடு கழுவும்போது தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வைத்தேன், 'டக்' என்று ஒரு சத்தம். இடது பக்கம் முதலில் விட்டது. கையை வைத்துப் பார்ப்பதற்குள் வலது பக்கமும் விட்டு, பட்டை முழுசாகக் கையில் வந்துவிட்டது. இரண்டு விரிசலும் வெட்டின் உள்மூலையிலிருந்துதான் கிளம்பியிருந்தன. அந்த மூலைகளை ரம்பத்தால் நேர்கோணமாக வெட்டி விட்டிருந்தார்கள், வளைவே கிடையாது. கூர்மையான உள்மூலையில்தான் பாரம் எல்லாம் வந்து குவியும். ஒரு விரல் பருமனுக்கு வளைத்து வெட்டியிருந்தால் இன்னும் பல வருஷம் தாங்கியிருக்கும்.

முதல் தடவை எடுத்தது வீட்டில் இருந்த அஞ்சு ரூபாய் உடனடிப் பசை. பன்னிரண்டு ட்யூப் ஆனது, 60 ரூபாய். உடைந்த முகங்களை ஈரத்துணியால் துடைத்தேன், பசையை ஊற்றினேன், பட்டையை வைத்து அழுத்திப் பிடித்தேன். இரண்டு நிமிஷத்தில் நின்றது. இடது கைக் கட்டைவிரலும் கல்லோடு நின்றது. வெந்நீரும் சோப்பும் போட்டு மெதுவாகப் பிரித்தெடுத்தேன். இந்தப் பசை, அதாவது சயனோஅக்ரிலேட், இறுகுவதற்குக் காற்றிலும் தோலிலும் இருக்கும் துளி ஈரமே போதும். 1942-இல் அமெரிக்காவில் ஹாரி கூவர் துப்பாக்கியின் குறிபார்க்கும் கண்ணாடிக்காகத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது இது கிடைத்தது. தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொள்கிறதே என்று அப்போது ஓரம் கட்டிவிட்டார்கள். 1958-இல்தான் பசையாகவே கடைக்கு வந்தது. என் விரலைப் பிரித்தெடுத்தபோது அவர்கள் ஏன் ஓரம் கட்டினார்கள் என்று புரிந்தது.

பட்டை நாலு நாள் நின்றது. காணும் பொங்கலன்று பெரிய குக்கரைச் சிங்க்கில் இறக்கும்போது அதன் கைப்பிடி பட்டையில் லேசாக இடித்தது, அவ்வளவுதான். உடைந்த இடத்தைப் பார்த்தால் பசை ஒரு கண்ணாடித் தாள் மாதிரி மெல்லிசாக, அங்கங்கே தீவுத் தீவாக இருந்தது. உடைந்த கல்லின் முகம் மேடும் பள்ளமும். இரண்டு பக்கமும் தொடும் மேடுகளில் மட்டும் பசை பிடித்திருக்கிறது, பள்ளங்கள் காலி. தண்ணீர் போல் ஓடும் பசைக்கு இடைவெளியை நிரப்பும் வேலை ஆகாது. இறுகின பிறகு விறைப்பாக இருப்பதால் இடி தாங்காது. சிங்க் ஓரத்தில் எந்நேரமும் ஈரம் வேறு. ஒட்டைச் சுற்றி வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி ஒரு மங்கல், கறுப்புக் கல்லில் பளிச்சென்று தெரிந்தது. அது அந்தப் பசையின் ஆவி படிந்து வருவது. நேரம் ஆனாலும் நல்லதாக இருக்கட்டும் என்று நினைத்திருந்தால் இந்தப் பசையைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

இரண்டாவது தடவை கல் வேலைக்கென்றே விற்கும் பேஸ்ட் வாங்கினேன். டப்பாவில் பேஸ்ட், கூடவே சின்ன ட்யூபில் அதை இறுகவைக்கும் ஹார்ட்னர். 260 ரூபாய். இது பாலியெஸ்டர் வகை. நூறு கிராம் பேஸ்ட்டுக்கு இரண்டு மூன்று கிராம் ஹார்ட்னர் போதும். நான் கண்மதிப்பில் போட்டேன். சீக்கிரம் இறுகட்டும் என்று கூடவும் பிழிந்தேன். கலக்கி முடிக்கும்போதே கிண்ணம் கையில் சுட ஆரம்பித்தது. மூக்கை அடைக்கும் வாசனை. ஒரு முகத்தில் தடவி, அடுத்த முகத்துக்குப் போவதற்குள் பேஸ்ட் பிசின் உருண்டை மாதிரி ஆகிவிட்டது. அவசரமாகப் பட்டையை வைத்து அமுக்கினேன். சமமாக உட்காரவில்லை, வலது பக்கம் ஒரு மி.மீ. உயர்ந்து நின்றது. துடைக்கிற துணி அதில் சிக்கும். சரி, நிற்கிறதே என்று விட்டுவிட்டேன்.

ஒன்பது நாள். பத்தாவது நாள் காலையில் அத்தை சாதம் வடிக்கும்போது, யாரும் இடிக்காமல், தானாக இடது பக்கம் பிரிந்து தொங்கியது.

அன்றைக்கு மனசு உண்மையிலேயே விட்டுப்போயிற்று. அடுத்த ஞாயிறு உடைந்த பட்டையைப் பையில் போட்டுக்கொண்டு பர்கூர் சாலையில் ஒரு பாலிஷ் பட்டறைக்குப் போனேன். முப்பது வருஷமாகக் கல்லோடு இருக்கும் ஓர் அண்ணன் அங்கே இருந்தார். நான் என்ன பசை வாங்கலாம் என்று கேட்கத்தான் போனேன். அவர் அதற்குப் பதிலே சொல்லவில்லை. பட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, பசை எந்தப் பக்கம் நிக்குது?" என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவரே காட்டினார். வலது பக்கம் பேஸ்ட் பட்டையிலும் கொஞ்சம், வீட்டில் மேடையிலும் கொஞ்சம் இருந்தது. அங்கே பசை நடுவில் கிழிந்திருக்கிறது. அப்படியென்றால் கல்லைப் பிடித்திருந்தது, பசைதான் பலம் போதவில்லை. இடது பக்கம் அப்படி இல்லை. பேஸ்ட் முழுக்க மேடையில் நிற்கிறது, பட்டையின் முகம் மொட்டைக் கல். "இங்க பசை கல்லப் பிடிக்கவே இல்லம்மா. சும்மா ஒக்காந்திருந்துச்சு" என்றார்.

அப்புறம் ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்து அந்த மொட்டை முகத்தில் ஒரு சொட்டு வைத்தார். சொட்டு தாமரை இலையில் நிற்பது மாதிரி உருண்டு நின்றது. பக்கத்தில் கிடந்த புதிதாக உடைந்த கல்லில் ஒரு சொட்டு வைத்தார். அது அப்படியே படர்ந்து பரவியது. "தண்ணியே பரவாத எடத்துல பசை எப்படிப் பரவும்? எண்ணெ ஏறியிருக்குது. பன்னெண்டு வருசம் சமையலு." பசை கல்லைப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் திரவமாகப் படர்ந்து கல்லின் எல்லாப் பள்ளத்துக்குள்ளும் இறங்கித் தொட வேண்டும், தொட்ட பிறகுதான் இறுகிப் பிடிக்கும். எண்ணெய்ப் பூச்சு இருந்தால் பசை எண்ணெயைத்தான் தொடும், கல்லைத் தொடாது. நான் இரண்டு தடவையும் எந்தப் பசை என்றே யோசித்துக்கொண்டிருந்தேன். கல்லை ஒரு தடவைகூடச் சரியாகப் பார்க்கவில்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார்: "முகத்துல மட்டும் ஒட்டினா எதுவும் நிக்காதும்மா. அடியில ஒரு கம்பி குடு." வீட்டுக்கு வந்து அளந்தேன். ஒரு உடைந்த முகம் 6 செ.மீ.க்கு 1.8 செ.மீ., அதாவது 10.8 சதுர செ.மீ. தீப்பெட்டியின் மேல்பக்கத்தைவிடச் சின்னது. பட்டையின் நடுவில் பாரம் வைத்தால் அந்தச் சின்ன முகத்தின் அடிவிளிம்பைப் பிளப்பது போல் இழுக்கும். எவ்வளவு நல்ல பசையும் பிளக்கிற இழுப்புக்கு முன்னால் பலவீனம்தான். அடியில் ஒரு பட்டைக் கம்பியை நீளமாக ஒட்டினால் பாரம் அந்த நீளம் முழுக்கப் பரவும். பிளப்பதற்குப் பதிலாக வழுக்கி நகர்த்தப் பார்க்கும். அந்த மாதிரி இழுப்பைப் பசை நன்றாகத் தாங்கும்.

பட்டறை அண்ணன் எடுத்துக் கொடுத்த கம்பியை நான் வாங்கவில்லை. அது சாதா இரும்பு. சிங்க்குக்கு அடியில் ஈரம் போகாது. இரும்பு துருப்பிடித்தால் ஊதும், ஊதினால் கல்லையே பிளக்கும். அவரிடமே சொன்னேன். "அதுவும் சரிதான், எஸ்எஸ் போடு, காசு ஆகும்" என்றார். டவுனில் எடைக்கு எடை ஸ்டீல் விற்கும் கடையில் 25 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனம், 76 செ.மீ. நீளத்துக்கு எஸ்எஸ் ஃப்ளாட், அதாவது துருப்பிடிக்காத ஸ்டீல் பட்டைக் கம்பி, வெட்டி வாங்கினேன். வெட்டுக்கூலியோடு 270 ரூபாய். பட்டையின் 56 செ.மீ. போக இரண்டு பக்கமும் 10 செ.மீ. முழுக் கல்லுக்கு அடியில் போகும். சிங்க்கின் விளிம்பு பட்டைக்கு அடியில் 15 மி.மீ. வரை வந்திருந்தது, மிச்சம் 45 மி.மீ. இருந்ததால் ஃப்ளாட் தாராளமாக உட்கார்ந்தது. அளக்காமல் அகலமாக வாங்கியிருந்தால் வீணாகியிருக்கும்.

இனி மூன்றாவது தடவை. பசை போட்டது மொத்தமே நாற்பது நிமிஷம். அதற்கு முன் போன நாட்கள் ஆறு.

முதல் இரண்டு மாலை பழைய பசையை எடுப்பதிலேயே போயிற்று. உடனடிப் பசையின் மிச்சம் அசிட்டோனில் ஊறினால் கரைந்து வந்துவிடும். பாலியெஸ்டர் பேஸ்ட் அப்படிக் கரையாது, உளியின் முனையால் கொத்திக் கொத்தித்தான் எடுக்க வேண்டும். கணவர் நாலு இஞ்ச் கிரைண்டர் கொண்டுவந்து ஒரே தேய்ப்பில் முடித்துத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். உடைந்த இரண்டு முகமும் ஒன்றுக்குள் ஒன்று பூட்டு மாதிரி உட்காரும். தேய்த்துவிட்டால் அந்தப் பொருத்தம் போய்விடும், இடைவெளியும் கூடும். கம்பி பிரஷ் வைத்துப் பொறுமையாகத் தேய்த்தேன். அசிட்டோன் எடுத்த இரண்டு நாளும் கேஸ் சிலிண்டரை மூடி, அடுப்பு, விளக்கு எதுவும் பற்ற வைக்காமல், சன்னல் எல்லாம் திறந்து வைத்தோம். அதன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், இதில் அலட்சியம் கூடாது.

எண்ணெய் எடுக்க: பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டு மூன்று தடவை தேய்த்து, ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் அலசி, காய்ந்த பிறகு வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துத் துடைத்தேன். துணி முதலில் பழுப்பாக வந்தது. ஐந்தாவது துணியில்தான் வெள்ளையாகவே வந்தது. அப்போது சொட்டு வைத்துப் பார்த்தேன், படர்ந்தது. ஒன்று கவனிக்க வேண்டும்: சோப்பு மிச்சம் இருந்தாலும் சொட்டு படரும், ஏமாந்துவிடுவோம். அதனால் அலசுவதைக் குறைக்கவே கூடாது. மேடைப் பக்கத்து முகங்களுக்கும் இதே வேலை. சிங்க்குக்குள் தலையைக் குனிந்துகொண்டு செய்ததில் கழுத்து இரண்டு நாள் வலித்தது. ஃப்ளாட்டின் ஒரு பக்கத்தை 80 நம்பர் உப்புத்தாளில் குறுக்கும் நெடுக்கும் தேய்த்துப் பளபளப்பைக் கொன்றேன். கல்லின் அடிப்பக்கம் பாலிஷ் போடாத அறுத்த முகம் என்பதால் அங்கே சுத்தம் செய்ததோடு சரி.

அப்புறம் காய வைத்தல். மூன்று நாள் சிங்க்கில் தண்ணீர் விடவில்லை. பாத்திரம் எல்லாம் பின்கட்டுக் குழாயடியில். அத்தைக்குச் சிரமம்தான், ஆனால் அவரே "இந்தத் தடவ ஒழுங்கா பண்ணிரு" என்று சொல்லிவிட்டார். மேடைக்கு அடியில் அலமாரிக்குள் நூறு வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டேன். பட்டையை மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். வைப்பதற்கு முன் சமையலறைத் தராசில் 1,758 கிராம். மூன்றாம் நாள் 1,756. கறுப்புக் கல் தண்ணீரைக் கொஞ்சம்தான் குடிக்கும். அந்தக் கொஞ்சம் உடைந்த முகத்தின் மயிரிழை வெடிப்புகளில்தான் போய்த் தங்குகிறது, பசை இறங்க வேண்டிய அதே இடத்தில். இரண்டு கிராம் குறைந்ததைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷம் பெரிசு.

பசை: எல்லோரும் அரால்டைட் என்று சொல்லும் இரட்டை வகை எப்பாக்சி, அதிலும் ஐந்து நிமிஷ வகை இல்லை, மெதுவாக இறுகுவது. 180 கிராம் பேக், ரெசின் என்ற பிசின் 100 கிராம், ஹார்ட்னர் 80 கிராம், விலை 340 ரூபாய். அளவு இதில்தான் தவறும். கரண்டிக் கணக்கில் சரிக்குச் சரி. எடைக் கணக்கில் நூறுக்கு எண்பது. ஹார்ட்னர் எடை குறைந்தது என்பதால் இந்த வித்தியாசம். தராசு வைத்துக்கொண்டு சரிக்குச் சரி எடை போட்டால் ஹார்ட்னர் கூடிவிடும். பாலியெஸ்டர் பேஸ்ட் மாதிரி ஹார்ட்னரைக் கூட்டி இதை விரட்டவும் முடியாது. இங்கே ரெசினும் ஹார்ட்னரும் ஒன்றோடு ஒன்று கோர்த்துக்கொள்ளும், ஜோடி கிடைக்காத மிச்சம் மெத்தென்றே நின்றுவிடும். எவ்வளவு தேவை என்று முன்பே கணக்கு போட்டேன்: ஃப்ளாட் 76 செ.மீ.க்கு 2.5 செ.மீ., ஒரு மி.மீ. கனத்தில் 19 மில்லி. இரண்டு முகத்துக்கும் வழியும் வீணுக்கும் சேர்த்து ஐம்பது கிராம் போதும். ரெசின் 28, ஹார்ட்னர் 22.

பிப்ரவரிக் காலையில் நம் ஊரில் குளிர் இருக்கும். ரெசின் தேன் மாதிரி கெட்டியாக, பிழிந்தால் வராமல் நின்றது. ட்யூப்களை மூடியபடியே வெந்நீரில் பத்து நிமிஷம் வைத்துத் துடைத்து எடுத்தேன், நன்றாக இளகியது. அதற்காகவே வேலையைப் பதினொரு மணிக்குமேல் வைத்துக்கொண்டேன். ஐந்து நிமிஷம், கிண்ணத்தின் ஓரம், அடி எல்லாம் வழித்து, கோடு தெரியாமல் போகும் வரை கலக்கினேன். கையுறை கட்டாயம் போட வேண்டும்; ஹார்ட்னர் தோலுக்கு ஆகாது, சிலருக்கு ஒவ்வாமை வந்தால் வாழ்நாள் முழுக்கப் போகாது.

முதல் பூச்சு வெறும் எப்பாக்சி. பழைய டூத் பிரஷ்ஷால் எல்லா முகத்திலும் மெல்லிசாகத் தேய்த்துத் தேய்த்துப் பிடிக்கவைத்தேன். மிச்சத்தில் பட்டறையில் கேட்டு வாங்கி வாணலியில் வறுத்து ஆறவைத்த கல்தூளும், ஒரு சிட்டிகைக் கறுப்பு ஆக்சைடு நிறப்பொடியும் சேர்த்துத் தோசைமாவு பதத்துக்கு ஆக்கி இரண்டாவதாகத் தடவினேன். தூளை முதலிலேயே சேர்த்திருந்தால் கெட்டியாகி நுண்ணிய வெடிப்புகளுக்குள் இறங்கியிருக்காது.

முட்டுக் கொடுப்பதுதான் கஷ்டமான கட்டம். பட்டையின் மேல் நேரான அலுமினியச் சட்டம் ஒன்றை வைத்து, இரண்டு சி-கிளாம்ப்பால் இரண்டு பக்க மேடையோடு பிடித்தேன். அடியில் ஃப்ளாட்டை வைத்து, செங்கல் அடுக்கி, மேலே மரக்கட்டை, அதற்கும் ஃப்ளாட்டுக்கும் நடுவே எதிரெதிராக ஜோடி ஆப்பு. பசை வழிந்து சட்டத்தையும் கட்டையையும் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, கழுவிக் காயவைத்த பால் பாக்கெட் கவரை வெட்டி நடுவில் வைத்தேன். அந்த பாலித்தீனில் எப்பாக்சி பிடிக்காது. எண்ணெய் இல்லாமலேயே தண்ணீர் உருண்டோடும் பரப்பு அது. மேல்பக்கம் ஒட்டின் இரு ஓரமும் செல்லோ டேப் ஒட்டி வைத்திருந்தேன். வழிந்ததெல்லாம் டேப்போடு உரிந்து வந்தது.

இறுக்குவதில் ஒரு விஷயம். ஆப்பை ஓங்கி அடித்தால் பசை முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடும். உள்ளே கல்லும் ஸ்டீலும் மட்டும் மிஞ்சும். அதைத் தவிர்க்க ஒரு மி.மீ. செம்புக் கம்பியை நாலு துண்டு வெட்டி ஃப்ளாட்டின் குறுக்கே வைத்திருந்தேன். எவ்வளவு இறுக்கினாலும் அந்த ஒரு மி.மீ. பசை நிற்கும்.

இத்தனை செய்தும் ஒரு தப்பு நடந்தது. இறுகாத எப்பாக்சி சோப்பு மாதிரி வழுக்கும். எல்லாம் முடிந்தது என்று கை கழுவப் போய், நாற்பது நிமிஷம் கழித்து விரலால் தடவிப் பார்த்தால், வலது ஓரத்தில் பட்டை முன்பக்கமாக அரை மி.மீ. நகர்ந்திருந்தது. நல்லவேளை, மெதுவகைப் பசை. கிளாம்ப்பைத் தளர்த்தி, உள்ளங்கையால் தள்ளி, முன்விளிம்பிலும் ஒரு கட்டை வைத்துக் கட்டினேன். ஐந்து நிமிஷ வகையாக இருந்திருந்தால் அந்தக் கோணல் அப்படியே நின்றிருக்கும். முன்பக்கம் தடுப்பு வைக்காமல் விட்டது என் தவறு, மேலிருந்தும் கீழிருந்தும் மட்டுமே யோசித்திருந்தேன்.

கிண்ணத்தில் மிஞ்சிய பசையைக் கொட்டாமல் மேடை மேலேயே வைத்தேன். ஒட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க முடியாது, கிண்ணத்தில் பார்க்கலாம். நாலு மணி நேரத்தில் வேப்பம்பிசின் மாதிரி இழுத்தது. இரவு ஒன்பதுக்கு நகம் பதிந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு நகம் பதியவில்லை, ஆணியால் கீறினால் லேசாகக் கோடு விழுந்தது. ராத்திரிக் குளிருக்காக அந்த குண்டு பல்பை அடியில் விடிய விடிய எரியவிட்டிருந்தேன். எப்பாக்சிக்குக் கதகதப்பு இருந்தால் வேகமாகவும் இறுகும், முழுசாகவும் இறுகும்.

முட்டு எடுத்தது 48 மணி நேரம் கழித்து. ஏழு நாள் பாரம் எதுவும் வைக்கவில்லை. எட்டாம் நாள் பத்து கிலோ அரிசிப் பை ஒரு நாள் முழுக்க, அடுத்து இருபத்தைந்து கிலோ மூட்டை ஒரு ராத்திரி. ஒட்டுக்குக் குறுக்கே பென்சிலால் போட்டிருந்த கோடு இம்மியும் விலகவில்லை. உள்மூலை இரண்டிலும் மிச்சக் கலவையை வைத்து, இறுகியதும் உப்புத்தாள் சுற்றிய பேனாவால் வளைவாகத் தேய்த்து வைத்தேன். வலது பக்கம் விரலுக்கு மட்டும் தெரியும் அளவுக்கு ஒரு மேடு இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை. அதை விட்டுவிட்டேன்.

செலவு: எப்பாக்சி 340, எஸ்எஸ் ஃப்ளாட் 270, இரண்டு சி-கிளாம்ப் 380, அரை லிட்டர் அசிட்டோன் 120, கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் 90, கையுறை 20, கறுப்பு ஆக்சைடு 20. ஆக 1,240. முதல் இரண்டு தடவை வீணாய்ப் போன 320-ஐயும் சேர்த்தால் 1,560 ரூபாய். கிளாம்ப் இரண்டும் இனி எப்போதும் உதவும். எப்பாக்சியில் 130 கிராம் மிச்சம் இருக்கிறது.

மறுபடி செய்தால் ஃப்ளாட்டைக் கல்லின் அடியில் வெறுமனே ஒட்டாமல், பட்டறையில் கொடுத்து பட்டையின் அடியில் ஒரு காடி வெட்டி, அதற்குள் எஸ்எஸ் கம்பியைப் பதித்து எப்பாக்சி ஊற்றுவேன். கம்பிக்கு மூன்று பக்கமும் கல் கிடைக்கும். புது வீடு கட்டுகிறவர்கள் சிங்க் வெட்டும்போதே இதைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். உள்மூலையை வளைத்து வெட்டவும் சொல்லுங்கள், ஐந்து நிமிஷ வேலை.

வீட்டில் இரண்டு பழக்கம் மாறியிருக்கிறது. சாதாரண எப்பாக்சி 60 டிகிரி போலத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும் என்பதால், கொதிக்கிற கஞ்சியை அந்த ஓரத்தில் வடிப்பதில்லை. அத்தை இப்போது சிங்க்கின் பின்பக்கம் பார்த்து வடிக்கிறார், அடியில் பிரிமணை இல்லாமல் குக்கரும் அங்கே உட்காருவதில்லை. தேங்காய் உடைப்பது பின்கட்டுத் துணி துவைக்கும் கல்லில்.

மாங்காய் மூட்டைக்காகக் குனிந்து டார்ச் அடித்த அன்று இன்னொன்றும் கண்ணில் பட்டது. சிங்க்கின் பின்பக்க இடது உள்மூலையிலும் மயிரிழை போல ஒரு கோடு, இரண்டு செ.மீ. நீளம். அதன் முனையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துத் தேதி எழுதியிருக்கிறேன். இந்த வாரம் பார்த்தேன், புள்ளியைத் தாண்டவில்லை. தாண்டினால் அந்த 130 கிராம் போதும். ஃப்ளாட்டுக்கு மட்டும் அளவு எடுத்து வைத்துவிட்டேன்: 40 செ.மீ.